கீரி தின்றது போக மீதி

சாமி,

நீ நலமா என்று கேட்டு இதைத் தொடங்கப் போவதில்லை. நேற்றுத்தான் பேசினோம். லேசாகச் சளி பிடித்திருக்கிறது, மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறாய். நானும் நன்றாகத்தான் இருக்கிறேன், கோபமாக இருக்கிறேன், அவ்வளவுதான். ஃபோனில் பேசினால் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் “சரிம்மா, சரிம்மா, மீட்டிங் இருக்குது” என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் உன் பழைய காலேஜ் நோட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காரோடு வந்து என்னை ஓசூருக்கு ஒரேயடியாகக் கூட்டிப் போகப் போவதாகச் சொல்லியிருக்கிறாய். அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன். முழுவதும் படித்துவிட்டுப் பிறகு கூப்பிடு.

நடந்ததை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ பாதிதான் கேட்டாய். போன சனிக்கிழமை காலையில் ரேஷன் கடைக்குப் போனேன். கைரேகை வைக்கிற மெஷின் அன்றைக்கு மக்கர் பண்ணியது. ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றேன். போகும்போது செவலைப் பெட்டையையும் அதன் பதினோரு குஞ்சுகளையும் மூங்கில் கொடாப்புக் கூடைக்குள் கவிழ்த்து, மேலே கல் ஏற்றிவிட்டுத்தான் போனேன். முந்தின நாள் மழையில் கொல்லை மண் இளகிக் கிடந்ததை நான் யோசிக்கவில்லை. கீரி அடிமண்ணைப் பறித்துக்கொண்டு கொடாப்புக்குள் நுழைந்திருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் பெட்டை கழுத்தில் கடிபட்டுக் கிடந்தது. ஐந்து குஞ்சுகள் அங்கங்கே செத்துக் கிடந்தன, மீதி ஆறைக் காணவில்லை. பசிக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். கடித்துப் போட்டுவிட்டுப் போனதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அரிசிப் பையைக் கூட இறக்கி வைக்காமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உடனே உன்னைத்தான் கூப்பிட்டேன்.

நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? “இதுக்குத்தாம்மா தலையால அடிச்சுக்கறேன். உனக்கெதுக்கு இந்த வேலை? எல்லாத்தையும் யாருக்காச்சும் குடுத்துட்டு இங்க வந்துரு” என்றாய். நான் ஆறுதல் கேட்டுக் கூப்பிட்டேன், நீ முடிவு சொன்னாய். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், பிள்ளைக்குப் பதற்றம், நாளைக்குத் தணிந்துவிடும் என்று. ஆனால் திங்கட்கிழமை காலையில் பக்கத்து வீட்டுச் சரசு வந்து நின்றாள். கையில் வெறுங்கூடை. முகத்தில் ஈயாடவில்லை.

“என்ன சரசு, கூடையோட?”

“ஏனுங்கக்கா, உங்க பையன் ஃபோன் பண்ணுனானுங்க. மிச்சமிருக்கற கோழியெல்லாம் என்னையப் புடிச்சுக்கச் சொன்னான். அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்னான். உங்ககிட்டப் பேசுனானுங்களா?”

“எங்கிட்ட ஒண்ணும் பேசுல.”

“எனக்குந் தெரியுமுங்க, பேசியிருக்க மாட்டான்னு. அதான் வெறுங்கூடையோட வந்தேன். கோழி புடிக்கறதுன்னா பொழுது சாஞ்சு அடையறப்பத்தான வருவேன், காலங்காத்தாலயா வருவேன்?” என்று சொல்லிக் கூடையை வாசலில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். கீரியாவது வேலியோரமாக வந்தது. நீ ஓசூரில் உட்கார்ந்துகொண்டு ஃபோனிலேயே என் கொல்லைக்குள் நுழைந்துவிட்டாய். மிச்சமிருந்த ஏழு கோழிகளை யார் பிடிக்க வேண்டும், நான் எங்கே இருக்க வேண்டும், எல்லாவற்றையும் நீயே பேசி முடித்துவிட்டாய். கேட்க வேண்டிய ஒரே ஆளை மட்டும் கேட்கவில்லை. இது அன்பினால் செய்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் கோபப்படுகிறேன்.

எனக்கும் இந்தக் கோழிகளுக்கும் உள்ள உறவு உனக்குச் சரியாகத் தெரியாது. நீ பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் நான் பண்ணையில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வருஷம். ஷெட்டுக்குள் நுழையும் முன் காலை மருந்துத் தண்ணீரில் நனைக்க வேண்டும், தலையில் துணி கட்ட வேண்டும். வேலைக்குச் சேரும்போதே மேனேஜர் முதலில் கேட்டது, வீட்டில் கோழி இருக்கிறதா என்றுதான். பண்ணையில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் ஒரு குஞ்சுகூட வளர்க்கக் கூடாது, நோய் கொண்டுவந்துவிடுவோம் என்று பயம். அதனால் ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு நடுவில் வாழ்ந்தும் என் வாசலில் கிளறித் திரிய ஒரு கோழி இல்லாமல் இருந்தேன். முழங்கால் தேய்ந்து வேலையை விட்டேனே, மறுநாளே ஆட்டையாம்பட்டிக்கு பஸ் ஏறிப் போய் ஒரு கருப்புப் பெட்டையும் ஒரு சேவலும் வாங்கிக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் சேவல் கூவியது. கண்டக்டர் அதற்கும் டிக்கெட் எடுக்கச் சொல்லிக் கிண்டல் பண்ணினார். என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து இன்று வரை எத்தனை கோழி போயிருக்கும் என்று என்னைக் கேட்காதே. பருந்து எடுத்தது, தெருநாய் எடுத்தது, சாரைப்பாம்பு முட்டையை விழுங்கியது, கீரி எல்லாவற்றையும் விட அதிகம் எடுத்தது. ஆனால் அதில் ஒரு கதையை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. நீ அப்போது கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்தாய். எனக்கு வெட்கமாக இருந்ததால் பிறகும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சொல்லாமல் நான் ஏன் வர மாட்டேன் என்று உனக்குப் புரிய வைக்க முடியாது.

ஒரு ஆடி மாதத்தில் பத்து நாளுக்குள் நான்கு கோழிகள் காணாமல் போயின. இறகு இல்லை, ரத்தம் இல்லை, சத்தமும் கேட்கவில்லை. சரசு வீட்டுக் கோழிகளும் நம் கோழிகளும் ஒன்றாகவே மேயும் என்பதால் நம்முடையவற்றின் காலில் சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தேன். அந்த வாரம் சரசு வீட்டுக்கு ஒறம்பரையாகச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள், கோழிக்குழம்பு வாசம் வேலி தாண்டி வந்தது. அவ்வளவுதான் என்னிடம் இருந்த சாட்சி. அந்த வாசம் ஒன்றை வைத்துக்கொண்டு நான் முடிவுகட்டிவிட்டேன். உங்கப்பா லோடு இறக்கிவிட்டு வந்திருந்தார். அவரிடம் சொன்னேன், முனியப்பன் கோயிலில் காசு வெட்டிப் போடப் போகிறேன் என்று.

“நீ கண்ணுல பாத்தியா புள்ள? பாக்காத ஒண்ணுக்குக் காசு வெட்டுவாங்களா? ரெண்டு ஊட்டுக்கும் நல்லது கெட்டது இல்லாமப் போயிருமே” என்றார்.

“நான் பேரச் சொல்லியா வெட்டப் போறேன்? எடுத்தவங்களுக்குத்தான் வலிக்கும்” என்றேன்.

நீ இந்தக் காலத்துப் பிள்ளை, உனக்கு இது வேடிக்கையாக இருக்கும். பூசாரி காசைக் கல்லின் மேல் வைத்து உளியைக் கையில் கொடுப்பார். ஓங்கி அடித்து இரண்டாக்கிச் சாமி முன்னால் போட்டுவிட்டு வர வேண்டும். அதன் பிறகு அந்த இரண்டு வீட்டாரும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை, கல்யாணத்துக்கும் இல்லை, சாவுக்கும் இல்லை. நான் பெயர் சொல்லவில்லைதான். ஆனால் கோயிலுக்குப் போகும் வழியில் சரசு வீட்டு வாசலில் நின்று, “எங்கோழியத் தின்னவங்க குடும்பத்தோட நாசமாப் போகோணும்” என்று தெருவுக்கே கேட்கச் சொன்னேன். அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது. எவ்வளவு கெட்டிக்காரி பார் உன் அம்மா!

அடுத்த சித்திரையில் கொல்லையில் அடுக்கியிருந்த சோளத்தட்டுப் போரைப் பிரித்தேன். அடிவரிசையைத் தூக்கியபோது ஒரு கீரி என் காலுக்கு நடுவில் புகுந்து ஓடியது. அது இருந்த பொந்தில் எலும்பும் இறகும் குவிந்து கிடந்தன. ஒரு கோழிக்கால், கட்டிய சிவப்பு நூலோடு. நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. அந்த நூலை அவிழ்த்துக்கொண்டு போய் அடுப்பில் போட்டேன். ஆமாம் சாமி, நான்தான். அன்றைக்கே வேலியைத் தாண்டிப் போய், சரசு, என்னை மன்னித்துவிடு என்று சொல்லியிருக்க வேண்டும். தெருவே கேட்கச் சபித்துவிட்டு, தெருவே பார்க்கப் போய்க் கும்பிட எனக்கு மனம் வரவில்லை. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று வைகாசி வந்துவிட்டது. வைகாசியில் அவள் மகள் கோகிலாவுக்குக் கல்யாணம். அந்தப் பெண்ணுக்குப் பல் முளைத்த நாளில் முதல் சோறு ஊட்டியவள் நான். எனக்குப் பத்திரிகை வரவில்லை, வரவும் முடியாது, தடுப்பைப் போட்டவள் நானே. மைக் செட்டுப் பாட்டைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். உங்கப்பா சாப்பிடாமல் லாரிக்குப் போய்விட்டார்.

அந்த மார்கழியில்தான் அவர் போனார். நீ வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது, அதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது. விடிந்ததும் ஊர்க்காரர்கள் வந்தார்கள். சரசு வரமாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அவள் வந்தாள். வாசலில் அவள் கொழுந்தனார் குறுக்கே வந்து, “அண்ணி, காசு வெட்டுன ஊடு, உள்ள போகக் கூடாது” என்றார். அவள் அவரை விலக்கிவிட்டு, “காசு வெட்டுனது அவங்க, நானில்ல. நான் போவேன். சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்” என்று சத்தமாகவே சொன்னாள். உள்ளே வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் தோளில் தலையை வைத்தபோது, உண்மை எனக்குத் தெரிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கூசிப்போனதில்லை. புருஷன் போன துக்கத்தையும் அந்தக் கூச்சத்தையும் என்னால் தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நூலை எரித்தது உட்பட. அவள் கேட்டுக்கொண்டே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“கீரிதான்னு எனக்கு அப்பவே தெரியுமுங்கக்கா. ரெண்டு தடவ கண்ணால பாத்தேன்” என்றாள்.

“அப்பறம் ஏன் சரசு எங்கிட்டச் சொல்லுல?”

“சொன்னா நம்பியிருப்பீங்களா? திருடி கத கட்டறான்னு இன்னொரு காசு வெட்டியிருப்பீங்க.”

வெட்டியிருப்பேன். அது உண்மைதான். பிறகு இரண்டு வீடும் சேர்ந்து முனியப்பனிடம் போய், வெட்டு தீர்ந்தது என்று சொல்லி ஒரே பானையில் பொங்கல் வைத்துச் சாப்பிட்டோம். நியாயமாகப் பார்த்தால் நான் விட்ட சாபம் கீரிக்குத்தான் போயிருக்க வேண்டும். அது வருஷா வருஷம் குட்டி போட்டுக்கொண்டு குடும்பத்தோடு செழிப்பாகத்தான் இருக்கிறது. முனியப்பனுக்கும் என்னை நன்றாகத் தெரியும் போலிருக்கிறது.

இதை எதற்கு உன்னிடம் சொல்கிறேன் தெரியுமா? கோழி போனதில் எனக்கு நஷ்டம் நான்கு கோழிதான். அதைத் தாங்க முடியாமல் நான் செய்த காரியத்தில் ஒன்றரை வருஷம் போனது, கோகிலாவின் கல்யாணம் போனது, உங்கப்பாவின் கடைசிக் காலத்து நிம்மதி போனது. இழந்த கையோடு அவசரமாக எதையாவது வெட்டிப் போட வேண்டும் என்று நமக்கு ஒரு வேகம் வருகிறது பார், அதைத்தான் நம்பக் கூடாது. அன்றைக்கு நான் சரசுவை வெட்டினேன். இன்றைக்கு நீ என் கொல்லையையே வெட்டப் பார்க்கிறாய். உனக்கு அந்த வேகம் என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது, அதனால் உன்னைத் திட்டவும் எனக்குப் பாதி உரிமைதான். அந்தப் பாதியை முழுசாகப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

இந்தத் தடவை உரக்கடைக்காரர் ஒரு யோசனை சொன்னார். “சோத்துல மருந்து பெசஞ்சு வேலியோரம் வெச்சுருங்க, ஒரே நாள்ல பிரச்சினை தீந்துரும்” என்றார். அதைக் கீரி மட்டுமா தின்னும்? சரசு வீட்டு நாயும் தின்னும், வரப்பில் வருகிற மயிலும் தின்னும். வேண்டாம் என்றேன். எனக்குக் கீரியிடம் பகைதான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்கு அதன் பிழைப்பு, எனக்கு என் பிடிவாதம். திங்களும் செவ்வாயும் நானும் சரசுவும் கூட்டைச் சுற்றி முழங்கை ஆழத்துக்குக் குழி பறித்து, சப்பட்டைக் கல்லை நெருக்கமாக நட்டு, மேலே கம்பிவலையை இழுத்துக் கட்டினோம். முழங்கால் வலித்தது. வலிக்கட்டும், உன் வீட்டு சோபாவில் உட்கார்ந்தாலும் அது வலிக்கத்தான் செய்கிறது. இனிமேல் கீரி வரவே வராது என்று நான் சொல்லவில்லை. அது வேறு வழி கண்டுபிடிக்கும், பன்னிரண்டு குஞ்சு பொரித்தால் ஆறை எடுக்கும். மிச்சம் ஆறு என்னுடையது. அந்த ஆறுக்காக நான் காலையில் எழுந்திருப்பேன்.

உன் வீடு பத்திரமான வீடு. வாசலில் வாட்ச்மேன், லிஃப்ட்டில் கேமரா, ஜன்னலுக்கெல்லாம் வலை. உன் பெண்டாட்டி என்னைத் தங்கமாகப் பார்த்துக்கொள்வாள், அவளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, இதை அவளிடமும் படித்துக் காட்டு. ஆனால் பண்ணையிலும் எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தது சாமி. என் பத்தொன்பது வருஷத்தில் அந்த ஷெட்டுக்குள் ஒரு கீரி நுழைந்ததில்லை, ஒரு பருந்து எட்டிப் பார்த்ததில்லை. நேரத்துக்குத் தீனி, நேரத்துக்குத் தண்ணீர். அந்தக் கோழிகளில் ஒன்று ஒரு நாள் கூண்டுக்கு வெளியே விழுந்துவிட்டது. தரையில் நிற்கத் தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. மண்ணைக் காலால் கிளற வேண்டும் என்றுகூட அதற்குத் தோன்றவில்லை. உன் வீட்டைக் கூண்டு என்று நான் சொல்ல வரவில்லை, வீணாகச் சண்டைக்கு வராதே. என்னால் அப்படி உட்கார்ந்திருக்க முடியாது என்று மட்டும் சொல்கிறேன்.

உனக்குப் பயம், எனக்குத் தெரியும். அப்பா போனது போல அம்மாவும் நான் வந்து சேர்வதற்குள் போய்விடுவாளோ என்று பயம். அதை நீ வாய்விட்டுச் சொல்வதில்லை, அதற்குப் பதிலாகக் கோழியைக் குறை சொல்கிறாய். எனக்கும் பயம் உண்டு. கொல்லையில் வழுக்கி விழுந்து கிடந்தால் யார் பார்ப்பார்கள் என்று நானும் யோசிக்கிறேன். அதற்குத்தான் சரசுவும் நானும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். காலை ஏழு மணிக்குள் என் கோழிகள் வெளியே மேயவில்லை என்றால் அவள் வருவாள். அவள் கதவு திறக்கவில்லை என்றால் நான் போவேன். காசு வெட்டிய வீட்டுக்கே வந்தவள், இதற்கு வர மாட்டாளா? ஒருநாள் நான் விழத்தான் போகிறேன். என் வாசலில் விழுகிறேன். நீ அதற்குப் பயப்படலாம், அழலாம், வாரத்துக்கு நான்கு முறை கூப்பிடலாம். முடிவு மட்டும் என்னைக் கேட்டு எடு. நாளைக்கு உன் பிள்ளைகள் வளர்ந்து நிற்கும்போதும் அவர்களிடம் கேட்டுச் செய். நல்லதுதானே செய்கிறோம் என்று நினைக்கும்போது இன்னும் ஒரு தடவை கூடுதலாகக் கேள்.

ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா, குழம்பு வைக்கிறேன், இரண்டு நாள் இருந்துவிட்டுப் போங்கள். நான் உங்களோடு கிளம்பப் போவதில்லை. நேற்றுப் புதன்கிழமை சரசு தன்னுடைய அடைக்கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “உங்க செவலதான் போச்சுங்களே, முட்டைய எதுக்கு அடியில வெப்பீங்க, இத வெச்சுக்குங்க” என்று கொடுத்தாள். பதின்மூன்று முட்டைகளை நானே கூட்டில் வைத்து அதை உட்கார வைத்திருக்கிறேன். மூன்று வாரம் கழித்து வருகிற புதன்கிழமை குஞ்சு பொரியும். அன்றைக்கு நான் இங்கே இருந்தாக வேண்டும்.

இருப்பேன்.

அம்மா